அபாத்திரத்துக்கு அளித்த அபயம்

தகுதியில்லாதவனிடம் காட்டிய கருணை தீமையாக விளையுமானால் அந்தக் கருணையே குற்றமாகிவிடுமா என்ற கேள்வியை நம் முன்னோரும் பிற தேசத்துப் பெரியோரும் எத்தனையோ விதமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய நூல்களைப் படித்தபோதெல்லாம் தலையசைத்துவிட்டு அப்பால் சென்ற என்னை, அந்தக் கேள்வி உண்மையிலேயே பிடித்து நிறுத்தியது கள்ளச் சாராயக் கும்பல்களைப் பற்றிய ஓர் அமெரிக்கத் திரைப்படத்தைப் பார்த்தபோதுதான்.

1990-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மில்லர்ஸ் கிராஸிங்’ என்னும் அப்படத்தை எழுதியவர்கள் ஜோயல் கோயன், ஈத்தன் கோயன் என்ற சகோதரர்கள். அண்ணன் இயக்குநர் என்றும் தம்பி தயாரிப்பாளர் என்றும் பெயர் போட்டுக்கொண்டார்களேயன்றி, எல்லாக் காரியங்களையும் இருவரும் கூடியே செய்தார்கள். டாஷியல் ஹாமெட் எழுதி 1929-லும் 1931-லும் நூல்களாக வந்த ‘ரெட் ஹார்வெஸ்ட்’, ‘தி கிளாஸ் கீ’ என்ற இரண்டு நாவல்களின் வாசனை கதை முழுவதும் வீசுகிறது. கதை நிகழும் நகரத்துக்குப் பெயர் கிடையாது. காலம் மதுவிலக்குக் காலம். படம் பிடித்தது நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில். பாரி சோனென்ஃபெல்டின் ஒளிப்பதிவில் மர வேலைப்பாடு மிகுந்த அறைகளும், கனத்த மேலங்கிகளும், நெற்றியை மறைக்கும் தொப்பிகளும் பழைய எண்ணெய் ஓவியத்தின் கம்பீரத்தோடு விளங்குகின்றன. அயர்லாந்து நாட்டு மெட்டு ஒன்றைத் தழுவிக் கார்ட்டர் பர்வெல் அமைத்த இசை, கொலைகாரர்கள் நடமாடும் அந்த உலகத்தின்மீது காரணம் சொல்ல முடியாத ஒரு துக்கத்தைப் பரப்பிவிடுகிறது. வெளிவந்தபோது போட்ட பணம் திரும்பவில்லை என்பதைக் குறிப்பிட்டு மேலே செல்கிறேன். ஒரு படைப்பின் தகுதியை அதன் வசூலைக் கொண்டு அளப்பதற்கும், ஒரு செயலின் தகுதியை அதன் பலனைக் கொண்டு அளப்பதற்கும் நெருங்கிய உறவு உண்டு.

படம் தர்மோபதேசத்தோடு தொடங்குகிறது. உபதேசம் செய்பவன் ஜானி காஸ்பர் என்ற இத்தாலிய ரௌடித் தலைவன். கண்ணாடித் தம்ளரில் பனிக்கட்டிகள் விழும் ஓசை அடங்கியதும், வழுக்கைத் தலையும் மெல்லிய மீசையும் கொழுத்த கழுத்துமாக அவன் நம்மைப் பார்த்துப் பேசத் தொடங்குகிறான். குத்துச்சண்டைகளில் இன்னார் தோற்பது என்று முன்கூட்டியே பேசி முடித்துப் பந்தயம் கட்டுவது அவன் தொழில். பெர்னி பெர்ன்பாம் என்ற புக்கி அந்த ரகசியத்தைக் கண்டவர்களுக்கும் விற்றுவிடுவதனால், காஸ்பர் எதிர்பார்க்கும் லாபம் கைக்கு வருவதில்லை. பணம் போவது பெரிதில்லை என்கிறான் அவன். ஒழுக்கம் போய்விட்டது என்பதே அவனுடைய மனத்தாங்கல். பேசிவைத்த சண்டையைக்கூட ஒருவன் நம்பமுடியாவிட்டால் வேறு எதைத்தான் நம்புவது, எல்லாவற்றையும் அதிருஷ்டத்துக்கு விட்டுவிட்டால் காட்டு விலங்குகளுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்று அவன் கேட்கும்போது, ஜான் பொலிட்டோ என்ற அந்த நடிகரின் முகத்தில் துளியும் போலித்தனம் இல்லை. பிளேட்டோவின் ‘குடியரசு’ முதற் புத்தகத்தில், கொள்ளைக் கூட்டத்தினரும் தங்களுக்குள் ஓரளவு நியாயத்தை அனுஷ்டிக்காவிட்டால் கொள்ளையைக்கூடச் சரியாக நடத்த முடியாது என்று சாக்ரடீஸ் எடுத்துக்காட்டுகிறார். அகஸ்டின் முனிவரோ ‘இறைவனின் நகரம்’ என்ற தம் பெருநூலின் நான்காம் புத்தகத்தில், நியாயத்தை எடுத்துவிட்டால் ராஜ்யங்களுக்கும் கொள்ளைக் கூட்டங்களுக்கும் அளவில்தான் பேதம் என்று எழுதுகிறார். காஸ்பர் இவ்விருவரையும் படித்தவனல்லன். ஆயினும் மனிதன் ஏதோ ஒரு தர்மத்தைப் பற்றிக்கொள்ளாமல் ஒரு நாளும் வாழ முடியாது என்பதற்கு அவனைவிடச் சிறந்த சாட்சி கிடைப்பது அரிது.

அவன் உபதேசத்தைக் கேட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பவன் லியோ ஓபானன், நகரத்தை ஆளும் ஐரிஷ்காரன். மேயரும் போலீஸ் தலைவரும் அவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். பெர்னியைக் கொல்ல உத்தரவு கேட்டு வந்திருக்கிறான் காஸ்பர், லியோ மறுக்கிறான். பெர்னியின் தமக்கை வெர்னாவிடம் அவன் மனத்தைப் பறிகொடுத்திருப்பதுதான் அதற்குக் காரணம். லியோவின் பின்னால் ஒரு வார்த்தையும் பேசாமல் நிற்கும் டாம் ரேகன் அவனுடைய மந்திரி, நண்பன், மூளை. வெர்னாவோடு ரகசிய உறவு வைத்திருப்பவனும் அவனே. பெர்னியைக் காஸ்பரிடம் விட்டுவிடுவதே விவேகம் என்று எடுத்துச் சொல்லியும் லியோ கேட்கவில்லை. பிறகு உண்மையைத் தானே லியோவிடம் சொல்லிவிட்டு, அடிபட்டு, துரத்தப்பட்டு, டாம் எதிரியான காஸ்பரிடம் போய்ச் சேருகிறான்; துரோகமா, அல்லது லியோவைக் காப்பதற்கான தந்திரமா என்று படம் முடியும்வரை நமக்கும் முழுதாக விளங்குவதில்லை. காப்ரியல் பைர்ன் இந்தப் பாத்திரத்தை ஏற்று நடித்த விதம், பூட்டிய வீட்டின் ஜன்னலில் அவ்வப்போது விளக்கெரிவதைப் பார்ப்பது போன்றது.

கூட்டாக நடிக்கும் ஒரு குழுவின் மேன்மை, ஒவ்வொருவரும் தத்தம் பாத்திரத்தின் கண்ணால் மட்டும் உலகத்தைப் பார்ப்பதில் இருக்கிறது. இப்படத்தில் ஒவ்வொருவனுக்கும் ஒரு தர்மம் உண்டு, அது அவனவனுக்குப் பூரணமாகத் தோன்றுகிறது. காஸ்பருக்கு ஒப்பந்தம். மார்ஷா கே ஹார்டன் நடித்த வெர்னாவுக்கு ரத்தபாசம். தம்பி எத்தகையவன் என்று அறிந்தும் அவனை விட்டுக்கொடுக்காத பெண் அவள். ஜே. இ. ஃப்ரீமன் நடித்த எட்டி டேன் என்ற அடியாளுக்கு எஜமான விசுவாசமும், அந்த விசுவாசத்தின் நிழலான சந்தேகமும். லியோவுக்கோ காதல். அந்தப் பாத்திரம் ட்ரே வில்ஸன் என்ற நடிகருக்காக எழுதப்பட்டது. படப்பிடிப்புத் தொடங்குவதற்குச் சற்று முன்பு, 1989 ஜனவரியில் அவர் இறந்துபோகவே, இங்கிலாந்து நடிகர் ஆல்பர்ட் ஃபின்னி அதை ஏற்றார். இரவில் படுக்கையறையில் கிராமபோனில் ‘டானி பாய்’ என்ற ஐரிஷ் பாட்டைக் கேட்டுக்கொண்டு சுருட்டுப் பிடித்தபடி லியோ இருக்கும்போது, தரைப் பலகை இடுக்குகள் வழியே புகை எழும்புகிறது. கீழே காவற்காரனைக் கொன்றுவிட்டு ஆட்கள் மேலே ஏறி வருகிறார்கள். லியோ பதறுவதில்லை. சுருட்டை அணைத்துப் பைக்குள் வைத்துக்கொள்கிறான், செருப்பை மாட்டிக்கொள்கிறான், கட்டிலுக்கடியில் உருண்டு போகிறான். பாட்டு முடிவதற்குள் கொல்ல வந்தவர்கள் மாண்டு, வீடு தீப்பற்றி எரிகிறது. ஃபிராங்க் பேட்டர்ஸன் என்ற ஐரிஷ் பாடகர் அந்தக் காட்சிக்கென்றே பாடிக்கொடுத்த பாட்டு அது. ஒரு பெண்ணின்மீது வைத்த அன்பினால் ஒரு அயோக்கியனைக் காப்பாற்றப் புகுந்த லியோவுக்கு வந்த கூலி இது. அவனும் அபாத்திரத்துக்கு அபயம் அளித்தவன்தான். ஆனால் அவனுடைய அபயத்துக்கு ஒரு காரணம் இருந்தது, ஒரு பலனும் இருந்தது. காரணமே இல்லாத அபயத்தைக் காண நாம் காட்டுக்குப் போக வேண்டும்.

காட்டின் பெயர்தான் மில்லர்ஸ் கிராஸிங். புதிதாக வந்து சேர்ந்த டாமின் விசுவாசத்தைச் சோதிக்க, பெர்னியை அங்கே கொண்டுபோய் அவன் கையாலேயே சுட்டுக் கொல்ல வேண்டும் என்று காஸ்பர் ஏற்பாடு செய்கிறான். நெட்டையான மரங்கள், அடியில் நனைந்த சருகு, மேலே சாம்பல் நிற வானம். இரண்டு அடியாட்கள் காரண்டையில் நின்றுவிட, டாம் துப்பாக்கியோடு பெர்னியை முன்னால் நடத்திச் செல்கிறான். அதுவரையில் இளித்த வாயும் ஏளனப் பேச்சுமாகத் திரிந்த பெர்னி நடக்க நடக்க உடைந்து போகிறான். ஜான் டர்ட்டூரோ அந்த உடைவை நடித்திருக்கும் விதத்தை வருணிக்க எனக்குச் சக்தி போதாது: முதலில் பேச்சு, பிறகு கெஞ்சல், பிறகு சொல்லும் அழுகையும் பிரிக்க முடியாத ஓர் ஒலி, கடைசியில் முழங்காலில் விழுந்து கைகூப்பிக் கொண்டு ஒரே வேண்டுகோளைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல். உன் உள்ளத்தைப் பார் என்பதே அந்த வேண்டுகோள். இடையில் அவன் சொல்லும் நியாயம் ஒன்றும் கவனிக்கத் தக்கது: ஆதாயத்துக்கு வழி தெரிந்தால் அதில் இறங்கிவிடுவது என் ஸ்வபாவம், அதற்காகச் சாக வேண்டுமா என்கிறான். பிராணிகள் யாவும் தத்தம் பிரகிருதியின் வழியே செல்கின்றன என்பது கீதையும் ஒப்புக்கொண்ட சங்கதி. குற்றவாளி தன் இயல்பையே சாட்சிக்கு அழைக்கும்போது நீதிபதி என்ன செய்வது? டாம் சிறிது நேரம் அசையாமல் நிற்கிறான். பிறகு பெர்னிமீது படாமல் சுட்டு, நீ செத்துவிட்டாய், இந்த ஊரில் யார் கண்ணிலும் படாதே என்று சொல்லி அவனைப் போகவிடுகிறான்.

அந்தப் படம் முழுவதிலும் கணக்குப் பார்க்காமல் செய்யப்பட்ட செயல் இது ஒன்றே. டாமுக்கு இதனால் லாபம் ஏதுமில்லை, உயிருக்கே ஆபத்து. வெர்னாவுக்காகச் செய்தான் என்று சொல்ல இடமிருந்தாலும், பைர்னின் முகத்தைப் பார்த்த எவரும் அப்படிச் சொல்லத் துணியமாட்டார்கள்.

பலன் உடனே வருகிறது. பெர்னி ஊரைவிட்டுப் போகவில்லை. சில நாளில் டாமின் அறைக்கே வந்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, காஸ்பரைக் கொல்லாவிட்டால் நான் உயிரோடிருப்பதை ஊரறியச் செய்வேன் என்று மிரட்டுகிறான். காட்டில் அழுததற்காகத் தான் வெட்கப்படுவதாகவும், அந்த வெட்கத்துக்கு டாமே காரணம் என்றும் அவனுக்குக் கோபம் வேறு. பெறத் தகாததைப் பெற்றவன் கொடுத்தவனை வெறுப்பான் என்ற மனோதத்துவ உண்மையை இதைவிடத் தெளிவாகக் காட்டிய காட்சியை நான் பார்த்ததில்லை. இதற்கிடையில் சந்தேகம் கொண்ட டேன், பெர்னியின் பிணத்தைக் காட்டு என்று டாமை அதே காட்டுக்கு இழுத்துச் செல்கிறான். அச்சத்தால் டாம் வாந்தியெடுக்கிறான். சாவு ஒரு விரற்கடை தூரத்தில் வந்து நிற்கும்போது, முகம் சிதைந்த பிணம் ஒன்று உண்மையாகவே அகப்படுகிறது. அது மிங்க் என்பவனுடைய பிணம். பெர்னியின் தோழனான அவனைப் பெர்னியே கொன்று, தன் பிணமாக அங்கே கிடத்தியிருக்கிறான். ஸ்டீவ் புஸெமி ஒரே ஒரு காட்சியில் மூச்சு விடாமல் படபடவென்று பேசிவிட்டுப் போன அந்த மிங்க், டாமின் கருணைக்குத் தன் உயிரை விலையாகக் கொடுத்தவன்.

இங்கேதான் கேள்வி கூர்மையடைகிறது. டாம் தன் உயிரைப் பணயம் வைத்தான் என்றால் அது தியாகம். மூன்றாமவன் ஒருவனுடைய உயிர் அந்தப் பணயத்தில் சேர்ந்துவிட்டதற்கு யார் பொறுப்பு? பெர்னி பிறந்த யூத குலத்தின் ஞானிகள் இதைப் பற்றிச் சிந்தித்திருக்கிறார்கள். சவுல் என்ற அரசன் அமலேக்கியரின் கொடிய ராஜாவான ஆகாகைக் கொல்லாமல் விட்டதையும், அதே சவுல் பின்னால் நோப் என்ற ஊரில் குற்றமற்ற ஆசாரியர் எண்பத்தைந்து பேரைக் கொல்வித்ததையும் இணைத்து நோக்கி, கொடியவனிடம் இரங்குபவன் இரக்கத்துக்குரியவனிடம் கொடியவனாவான் என்ற கருத்தை அவர்கள் வகுத்தார்கள். ரோமாபுரியில் செனெக்கா, தம் மாணவனான இளம் சக்கரவர்த்தி நீரோவுக்குக் கருணையைப் பற்றி ஒரு நூல் எழுதியபோது, கண்ணீரைக் கண்டு கலங்கும் இரக்கத்தை மனத்தின் பலவீனம் என்று ஒதுக்கி, தண்டிக்கும் அதிகாரமுள்ளவன் அறிவோடு தன்னை அடக்கிக்கொள்வதே உண்மையான கருணை என்று பிரித்தார். அந்த நீரோவின் ஆணையினாலேயே கி.பி. 65-ல் அவர் உயிர் துறக்க நேர்ந்தது. நம்மிடையிலும் பாத்திரமறிந்து பிச்சையிடு என்பது பாட்டிமார் வாயில் புழங்கும் வாக்கு.

எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்களும் சாமானியர்களல்லர். லியோவும் டாமும் காஸ்பரும் ஐரிஷ், இத்தாலியக் குலத்தவர்கள். அவ்விரு குலத்துக்கும் பரம்பரைச் சமயமாகிய கத்தோலிக்க மதத்தின் அடிப்படையே, மனிதனுடைய தகுதியைப் பாராமல் இறங்கி வருவது தேவ கிருபை என்பதுதான். தகுதியைப் பார்த்து வருமானால் அதற்குக் கூலி என்று பெயர் வைக்கலாம், கிருபை என்று வைக்க முடியாது. இந்தச் சித்தாந்தத்தை மிக அழுத்தமாக நிலைநாட்டியவர், ராஜ்யத்தையும் கொள்ளைக் கூட்டத்தையும் ஒப்பிட்ட அதே அகஸ்டின் முனிவர். திருவாசகத்தில் தோய்ந்த நமக்கும் இந்த எண்ணம் அந்நியமானதன்று. தகுதி சிறிதுமில்லாத தன்னை வலிய வந்து ஆட்கொண்ட அருளை நினைந்துதான் மாணிக்கவாசகர் அழுதார்.

இரண்டு பக்கத்தையும் கேட்டபின் நான் படத்துக்கே திரும்புகிறேன், ஏனென்றால் தத்துவ நூல்கள் சொல்லாத ஒன்றை அது சொல்லுகிறது. கதையின் ஆரம்பத்தில் லியோவின் ஆள் ரக் டேனியல்ஸ் என்பவன் ஒரு சந்தில் சுடப்பட்டுக் கிடக்கிறான். சிறு பையன் ஒருவன் நாயோடு அங்கே வந்து, செத்தவன் தலையிலிருந்த பொய்மயிரை மெல்லத் தொட்டுப் பார்க்கிறான், எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறான். அவ்வளவுதான். பிறகு நகரத்துப் பெரிய மனிதர்கள் கூடி, கொன்றவர்கள் ஏன் மயிரையும் கொண்டுபோனார்கள் என்று திகைக்கிறார்கள். கொலையைச் செய்தவன் காஸ்பர் என்று லியோ அனுமானிக்கிறான், அந்த அனுமானத்தின்மேல் ஒரு யுத்தமே எழும்புகிறது. உண்மையில் சுட்டவன் பயந்து கலங்கிய மிங்க் என்று டாம் கண்டுபிடிப்பதற்குள் காரியம் கைமீறிப் போகிறது. கர்மத்தின் போக்கு ஆழம் காணமுடியாதது என்று கண்ணன் சொன்னதற்கு இந்தச் சந்தும் பையனும் நல்ல உதாரணம். ஒரு தலைப்பொய்மயிர் காணாமற் போன காரணத்தைக்கூட அறியமுடியாதவர்கள், ஒரு செயலின் பலனைக் கடைசிவரை தொடர்ந்து சென்று, அதன் புண்ணிய பாவத்தைத் தீர்மானிப்பது எப்படி?

அந்த நகரமே இதற்குச் சான்று. அமெரிக்காவில் 1920 ஜனவரியில் அமலுக்கு வந்து 1933 டிசம்பரில் ரத்தான மதுவிலக்குக்குப் பாடுபட்டவர்கள் ரௌடிகளல்லர். 1874-ல் தோன்றிய கிறிஸ்தவப் பெண்களின் மதுவிலக்குச் சங்கத்தையும், 1893-ல் தோன்றிய சாராயக்கடை எதிர்ப்புக் கழகத்தையும் நடத்தியவர்கள் பக்தியும் பரோபகார சிந்தையும் உடையவர்கள். குடிகாரக் கணவனிடம் அடிபட்ட மனைவியரின் கண்ணீர் அவர்களைத் தூண்டியது. அந்தக் கருணையின் பலனாகவே லியோக்களும் காஸ்பர்களும் மேயர்களை விலைக்கு வாங்கும் செல்வம் பெற்றார்கள். அதனால் அந்தப் பெண்களின் இரக்கம் பொய்யென்று சொல்லிவிட முடியுமா?

ஆகவே பலன் தீயது என்பதைக் கொண்டு டாமின் கருணையைத் தீயதென்று நான் ஒப்பமாட்டேன். ஆனால் மிங்க்கின் பிணத்தைத் தாண்டிக் கொண்டு, கருணை எப்போதும் நல்லது என்று பாடிக்கொண்டு போகவும் மனம் வரவில்லை. திருவள்ளுவர் அருளுடைமையைத் துறவியின் குணமாகவும், கண்ணோட்டத்தை அரசனுக்குரிய குணமாகவும் இரண்டு இடத்தில் வைத்தார். கண்ணோட்டம் 58-ஆம் அதிகாரம். அதை அடுத்த 59-ஆம் அதிகாரம் ஒற்றாடல். இரங்கி ஒருவனை விட்ட அரசன், அவன் எங்கே போகிறான், என்ன செய்கிறான் என்று அறிந்துகொள்ளும் கடமையிலிருந்து விடுபடுவதில்லை என்பதற்கு அந்த அடுத்தடுத்த வைப்பே குறிப்பாக நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது. உரையாசிரியர்கள் இப்படிச் சொன்னார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. டாம் செய்த பிழை பெர்னிக்கு உயிர் கொடுத்ததில் இல்லை. கொடுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு காரை நோக்கி நடந்ததில் இருக்கிறது. அவன் உயிர் கொடுத்தானே தவிர, அந்த உயிருக்குப் போக ஓர் இடம் கொடுக்கவில்லை, ஒரு ரயில் டிக்கெட்டும் கொடுக்கவில்லை, ஆள் உண்மையிலேயே போனானா என்று மறுநாள் பார்க்கவுமில்லை. சாகவிருந்த ஒருவனைப் பிழைக்க வைத்தவன், அந்தக் கணத்திலிருந்து அவனுக்கு ஒருவிதத்தில் தகப்பனாகிறான். அந்தச் சுமையை ஏற்கத் தயாராயில்லாத இரக்கம், கண்ணீரை நிறுத்துவதற்காகச் செய்த ஓர் அவசர உபாயமாகவே முடிகிறது. செனெக்கா எச்சரித்தது இதைத்தான்.

பிறகு நடப்பதெல்லாம் டாமின் மூளை செய்யும் வேலை. அவன் சொன்ன பொய்யை நம்பிக் காஸ்பர் தன் உண்மையான ஊழியனாகிய டேனையே கொல்லுகிறான். ஒழுக்கத்தைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியவன், விசுவாசி யார் துரோகி யார் என்று தர்க்கம் பண்ணிப் பார்த்து, தர்க்கம் காட்டிய விரலின்படி தவறான ஆளைச் சுடுகிறான். அடுத்தபடி காஸ்பரையும் பெர்னியையும் ஒரே மாடிப்படியில் சந்திக்க வைக்கிறான் டாம். பெர்னி காஸ்பரைக் கொல்லுகிறான். இப்போது பெர்னியும் டாமும் மட்டும் எதிரெதிரே. நம்மிருவருக்கும் இனிப் பகையேது, என்னைக் கொல்வதில் உனக்கு ஆதாயம் ஏது என்று பெர்னி கேட்கிறான். உண்மையான கேள்வி. மறுபடியும் முழங்காலிட்டு, உன் உள்ளத்தைப் பார் என்று அதே வேண்டுகோளை எடுக்கிறான். எந்த உள்ளம் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, டாம் அவனை நெற்றியில் சுட்டுவிடுகிறான்.

அரங்கில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு திருப்தி உண்டாவதை நான் அறிவேன். மிங்க்கைக் கொன்றவன், நன்றி கெட்டவன், காஸ்பரையும் இப்போதுதான் கொன்றவன், செத்தான் என்ற திருப்தி. அதை நியாயம் என்று அழைக்க என்னால் முடியவில்லை. நியாயம் செய்கிறவன் மிங்க்கின் பெயரைச் சொல்லியிருப்பான். டாம் மிங்க்கை நினைக்கவேயில்லை. தன்னுடைய இரக்கம் தன்னைப் பரிகாசம் செய்துவிட்டது என்ற அவமானத்தைத் துடைக்கவே சுட்டான். காட்டில் தன்னுள்ளே கண்ட ஒன்றை இந்த மாடிப்படியில் கொன்றான் என்றே நான் கருதுகிறேன். அதனால்தான் முதற் குண்டு ஒருவன்மீதும் படாமலிருந்தும் அந்தக் காட்சியில் நாம் நடுங்குகிறோம். இரண்டாவது குண்டு குறி தவறாமல் பட்டும் நம் மனம் அமைதி கொள்வதில்லை.

கடைசிக் காட்சி பெர்னியின் அடக்கம். யூத முறைப்படி சவப்பெட்டி இறங்குகிறது. வந்திருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். வெர்னா டாமின் முகத்தைப் பார்க்கவும் விரும்பாமல் காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். அவளை மணக்கப் போகும் லியோ, டாம் எதிரியிடம் சேர்ந்ததெல்லாம் தனக்காகவே என்று இப்போது அறிந்துகொண்டவன், பழையபடி என்னிடம் வந்துவிடு, வெர்னா விஷயத்தையும் மன்னித்தேன் என்கிறான். நாம் செய்வதற்கெல்லாம் காரணம் நமக்கு எப்போதும் தெரிகிறதா என்று டாம் கேட்கிறான். எனக்குத் தெரியும் என்று லியோ சற்றும் தயங்காமல் விடை சொல்கிறான். அந்த மன்னிப்பைத் தான் கேட்கவுமில்லை, தனக்கு வேண்டியதுமில்லை என்று டாம் மறுத்துவிடுகிறான்.

இந்த மறுப்பை வீரம் என்று போற்றுகிறவர்கள் உண்டு. எனக்கோ கதையின் தொடக்கம் நினைவுக்கு வருகிறது. டாம் பந்தயத்தில் ஓயாமல் தோற்று, லஸார் என்ற கடன்காரனுக்குப் பெருந்தொகை பாக்கி வைத்திருக்கிறான். அந்தக் கடனைத் தீர்த்துவிடுகிறேன் என்று லியோ சொல்கிறான், வேண்டாம் என்கிறான். காஸ்பரும் சொல்கிறான், அதையும் வேண்டாம் என்கிறான். கடன்காரனின் ஆட்கள் வந்து அடிக்கும்போது, வருத்தமில்லை என்று சொல்லி அந்த அடியையும் வாங்கிக்கொள்கிறான். தான் சம்பாதிக்காத எதையும் எவரிடமிருந்தும் பெற்றுக்கொள்ள அந்த மனிதனால் முடியாது. ஒருமுறை காட்டில், இன்னொருவன் சம்பாதிக்காததை அவனுக்குக் கொடுத்தான். அதற்குப் பின் கொடுக்கவும் அஞ்சினான், பெறவும் அஞ்சினான். லியோ நீட்டிய மன்னிப்பில் குறையுண்டு என்பது மெய்தான். எல்லாம் புரிந்துவிட்டதென்று எண்ணும் மனிதனின் சுலபமான தாராளம் அது. இருந்தும் அவன் அந்த மயானத்தில் நின்று அதை மனமாரக் கொடுத்தான். பெர்னி அபயத்தைப் பெற்றுக்கொண்டு கெடுத்தான், டாம் பெற்றுக்கொள்ளவே மறுத்தான் என்ற இந்த இரண்டில் எது பெரிய நஷ்டம் என்று கேட்டால், இரண்டாவதே என்பேன். முதலாவதில் ஒரு பேராசைக்காரன்தான் தோற்றான், இரண்டாவதில் கருணை இன்னதென்று ஒருமுறை கண்டவன் தோற்றான். டாம் அன்று லியோவோடு நடந்து போயிருக்க வேண்டும். வழியில் மிங்க்கைப் பற்றியும் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்.